கண்காட்சிக்குப் போனா படத்தப் பாக்காம ‘எப்படி வச்சிருக்காங்க’ன்னு பாக்கறது எப்படி?

வரைகோடு_21:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபைன் ஆர்ட்ஸ் ரெண்டாவது வருஷம், பெயிண்டிங் படிக்கிறேன். எங்களுக்கு ஒரு அசைன்மென்ட், சமகால கலைக் கண்காட்சி ரெண்டுக்குப் போயிட்டு வந்து, படைப்பப் பத்தி இல்லாம அத எப்படி டிஸ்ப்ளே பண்ணியிருக்காங்கங்கறதப் பத்தி மட்டும் அஞ்சு பக்கம் எழுதணும். நாங்க மூணு பொண்ணுங்க கும்பகோணத்துல நைட் பஸ் ஏறி சென்னை வந்து ஒரே நாள்ல ரெண்டு இடம் பாத்தோம். காலைல ஈசிஆர்ல சோழமண்டலம்ங்கற ஓவியர் கிராமம், சாயங்காலம் சிட்டிக்குள்ள ஒரு தனியார் கேலரி.

எழுதிக் குடுத்தேன், சார் திருப்பிக் குடுத்துட்டாரு. “நீ அஞ்சு பக்கமும் ஓவியத்தப் பத்தித்தான் எழுதியிருக்க, அந்த ரூம் எங்க இருக்கு இதுல?”ன்னு கேட்டாரு. திரும்பப் படிச்சா அவர் சொன்னது சரிதான், கலர், கோடு, கான்செப்ட்னு போயிருக்கேன், ரூமப் பத்தி “நல்ல வெளிச்சமான அறை”ன்னு ஒரே ஒரு வரி.

ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. சோழமண்டலத்துல வெளியில மரத்தடியில கல்லுச் சிற்பம் நிறைய இருக்கு, அதுல இலை விழுந்து கிடக்கு, எறும்பு ஊருது, நாங்க பக்கத்துலயே உக்காந்து கொண்டு போன புளிசாதம் சாப்ட்டோம், யாரும் ஒண்ணும் சொல்லல. அதே நாங்க சாயங்காலம் அந்த கேலரிக்குள்ள போனதும் குரலையே கொறச்சிட்டோம். செருப்பு சத்தம் கேக்குதுன்னு நான் மெதுவா நடந்தேன். யாரும் அப்படி நடக்கச் சொல்லல. அங்க மொத்தமே 11 படைப்புதான். அதுல ஒரு சின்ன பென்சில் டிராயிங், ஒரு நோட்டுப் புக் சைஸ் இருக்கும், ஒரு பெரிய வெள்ளைச் சுவர்ல தன்னந்தனியா மாட்டியிருந்தது. வந்தவங்க எல்லாருமே அது முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னாங்க, நாங்களும் நின்னோம். நான் அசைன்மென்ட்ல “இதுவே கண்காட்சியின் முக்கியமான படைப்பு”ன்னு எழுதிட்டேன். இப்ப யோசிச்சா குழப்பமா இருக்கு. அது முக்கியமான படைப்பா இருக்கறதால தனியா மாட்டினாங்களா, இல்ல தனியா மாட்டினதால எனக்கு முக்கியமாத் தெரிஞ்சுதா?

இத எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? எதையெல்லாம் கவனிக்கணும்? இந்த வேலையில இருக்கறவங்க, நிறைய கண்காட்சி பாத்தவங்க யாராவது சொன்னா மறுபடி எழுதிக் குடுத்துடுவேன். ரெண்டு வாரம் டைம் இருக்கு.

---

ரசமட்டம்:

தங்கச்சி, நான் 16 வருஷமா சென்னையில படம் மாட்டற வேல செய்யறேன். ஓவியன் இல்ல, எந்தப் படைப்ப எங்க வைக்கணும்னு முடிவு பண்ற க்யூரேட்டர் இல்ல, லாரியில வர்ற பெட்டியப் பிரிச்சு, சுவர்ல ஏத்தி, லைட்ட திருப்பி விட்டுட்டு, கண்காட்சி முடிஞ்சதும் இறக்கி மறுபடி பேக் பண்றவன். அதனால எனக்குத் தெரிஞ்சது சுவரும் ஆணியும்தான், அதச் சொல்றேன்.

ஒரு ஷோ எப்படி உருவாகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. வந்த படத்த நேரா ஆணியில மாட்ட மாட்டோம். எல்லாத்தையும் தரையில, சுவர் ஓரமா, அடியில ஃபோம் துண்டு வச்சு சாச்சு வச்சிருவோம். அப்புறம் க்யூரேட்டரும் ஆர்ட்டிஸ்ட்டும் வந்து நடப்பாங்க. இத அங்க நகத்து, அத இங்க கொண்டா, வேணாம் பழைய இடத்துக்கே போகட்டும்னு சில நேரம் ரெண்டு நாள் முழுக்க இதுவே ஓடும். அவங்க பாக்கறது என்னன்னா வாசல்ல நின்னா முதல்ல கண்ணுல படறது எது, ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமப் பாத்தா கதவு வழியா எந்தப் படம் தெரியுது, எந்த ரெண்டு படம் பக்கத்துல நின்னா ஒண்ண ஒண்ணு அடிச்சிடும். நீ கண்காட்சியில நடந்த பாதை உன் இஷ்டத்துக்கு நடந்ததுன்னு நெனப்ப, அதுல பாதி நாங்க தரையில படத்த நகத்தும்போது முடிவானது.

அப்புறம் உயரம். பெரும்பாலான இடத்துல படத்தோட நடு மையம் தரையிலேர்ந்து 57 இஞ்ச் இல்ல 58 இஞ்ச்ல வர்ற மாதிரி மாட்டுவோம், சென்டிமீட்டர்ல சொன்னா 145 கிட்ட. நிக்கற ஆளோட கண்ணு மட்டம்னு வச்சுக்கோயேன். கணக்கு ரொம்ப சுலபம். படம் 36 இஞ்ச் உயரம்னா பாதி 18, அத 57ல கூட்டினா 75, அதுதான் படத்தோட மேல் விளிம்பு. பின்னாடி இருக்கற கம்பிய இழுத்துப் பிடிச்சா மேல் விளிம்புக்கு 3 இஞ்ச் கீழ நிக்குதுன்னா 75ல 3 போச்சு, 72ல ஆணி. அப்புறம் ரசமட்டம் வச்சுப் பாக்கறது. ஒரு ரூம்ல சின்னப் படம் பெரிய படம் எல்லாம் கலந்து இருந்தாலும் பாக்க ஒழுங்கா இருக்கேன்னு தோணும் பாரு, இந்த மையக்கோடு ஒண்ணா இருக்கறதாலதான்.

அதனால நீ பாக்க வேண்டியது எந்தப் படம் இந்தக் கோட்ட விட்டு ஏறியிருக்கு இல்ல இறங்கியிருக்குன்னு. அப்படி ஒண்ணு இருந்தா யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. வீட்டுல பாரு, தாத்தா பாட்டி ஃபோட்டோவ வாசப்படிக்கு மேல, நிமிந்து பாக்கற உயரத்துல, தலை முன்னாடி சாஞ்ச மாதிரி மாட்டியிருப்பாங்க. கூடத்துல தரையில உக்காந்திருக்கறவனுக்கு அவங்க முகம் தெரியணும், அதே நேரம் அவங்க நமக்கு மேலயும் இருக்கணும், ரெண்டுக்கும் சேத்துத்தான் அந்தச் சாய்வு. எங்கப்பா ஆசாரி, அந்தச் சாய்வுக்குப் பின்னாடி கட்டை அடிக்கறத நான் சின்ன வயசுல பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். அதுவும் டிஸ்ப்ளேதான், சொல்லப்போனா நான் முதல்ல கத்துக்கிட்டது அங்கதான்.

லைட்டு. மேல ட்ராக் லைட் இருந்தா எத்தனை டிகிரி சாச்சிருக்காங்கன்னு பாரு. நேர் கீழ பாக்கறதுலேர்ந்து 30 டிகிரிதான் பொதுவா வைப்போம், அதுக்கு மேல சாஞ்சா கண்ணாடி போட்ட படத்துல பல்பு தெரியும், ரொம்ப நேரா இறக்கினா ஃப்ரேமோட நிழல் படத்து மேல விழும். காகிதத்துல செஞ்ச வேலைக்கு, வாட்டர்கலர், டிராயிங், பழைய ஃபோட்டோ, துணி இதுக்கெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) தாண்டக் கூடாதுன்னு மியூசியத்துக்காரங்க கறாரா இருப்பாங்க, ஆயில் பெயிண்டிங்னா 200 வரைக்கும் போகலாம். காகிதம் வெளிச்சத்துல மங்கிடும், போனது திரும்ப வராது. அதனால ஒரு ரூம் இருட்டா இருந்தா “மர்மமான சூழலை உருவாக்கியிருக்கிறார்கள்”னு எழுதறதுக்கு முன்னாடி அங்க இருக்கறது காகிதமான்னு பாரு.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. வாடகை ஹால்ல நடக்கற ஷோவுல பாதி முடிவு காசும் நேரமும் எடுக்கறது. சுவர்ல ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க, மேல இருக்கற கம்பியிலேர்ந்து நைலான் கயிறுலதான் தொங்க விடணும், அப்ப படம் லேசா முன்னாடி சாயும், ஆளு நடந்தா ஆடும். காலைல சாவி குடுப்பாங்க, சாயங்காலம் திறப்பு விழா. குரூப் ஷோன்னா வாசலுக்கு நேர் எதிர் சுவர் யாருக்குன்னு பேச்சு நடக்கும், அது யாருக்குப் போச்சுன்னு பாத்தாலே நிறைய தெரியும். அதனால ‘ஏன் இப்படி வச்சிருக்காங்க’ன்னு எழுதும்போது எல்லாத்துக்கும் ஒரு ஆழ்ந்த அர்த்தம் இருக்கும்னு எடுத்துக்காத, அங்க இருக்கற பையன்கிட்ட கேளு. கேட்டா சொல்லுவோம், எங்கள யாரும் கேக்கறதில்ல.

அந்தச் சின்ன டிராயிங் எவ்வளவு உயரத்துல இருந்துதுன்னு ஞாபகம் இருக்கா?

---

கோட்டைக்கொச்சி நடை:

சொந்த ஊரு கோயமுத்தூருங்க, வேலைக்காக கொச்சியில பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன். இங்க நடக்கற பெரிய சமகாலக் கலைத் திருவிழா, முசிறிஸ் பினாலே, 2012 டிசம்பர் 12ல ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணையும் விட்டதில்லைங்க. மேல அண்ணன் சொன்னதெல்லாம் வெள்ளைச் சுவர் இருக்கற இடத்துக்கு. நான் சுவரே ஒத்துழைக்காத இடத்தப் பத்திச் சொல்றேன்.

ஆஸ்பின்வால் ஹவுஸ்னு ஒரு பழைய வளாகம், 1867ல ஆரம்பிச்ச இங்கிலீஷ்காரன் வியாபாரக் கம்பெனி, கடல் ஓரமாவே கிடங்கு, ஆபீஸ், வீடு எல்லாம். சுவர்ல காரை உதிரும், ஈரம் ஏறும், ஜன்னலத் திறந்தா கப்பல் போகும். அங்க ஒரு படைப்ப வச்சா அது அந்தக் கட்டிடத்தோட சண்டை போட்டாகணும் இல்லன்னா சேந்து நிக்கணும், நடுவுல இருக்க முடியாதுங்க.

2012ல ஷீலா கவுடா, கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸ்னு ரெண்டு கலைஞர்கள் சேந்து செஞ்ச ஒரு வேலை. மிக்ஸி கிரைண்டர் வந்ததுக்கப்புறம் பெங்களூர்ல வீட்டுக்காரங்க கொண்டாந்து தெருவோரம் விட்ட ஆட்டுக்கல்லு, மொத்தம் 170 கல்லு, அத்தனையும் கொச்சிக்குக் கொண்டு வந்து இறக்கியிருந்தாங்க. கீழ பெடஸ்டல்னு பீடம் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது, தரையிலதான் கிடக்குதுங்க. நம்ம பாட்டி வீட்டுல அது எப்படி தரையோட தரையா இருந்துதோ அப்படியே. இத ஒரு மேடையில ஏத்தி ஸ்பாட் லைட் போட்டிருந்தா பழம்பொருள் மியூசியம் மாதிரி ஆயிருக்கும், ஒரு கல்லப் பாத்துட்டு நகந்திருப்போம். தரையில அத்தனையும் கிடக்கும்போது, சரக்கு ஏத்தி இறக்கின அந்த இடத்துல, அதுவும் எங்கயோ போறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கற சரக்கு மாதிரி இருந்துதுங்க. என் கூட வந்த எங்கம்மா குனிஞ்சு ஒரு கல்லுக் குழிக்குள்ள கையை விட்டுப் பாத்தாங்க. அவங்க அதுக்கு முன்னாடி எந்த ஆர்ட் ஷோவுக்கும் வந்ததில்ல.

2016ல ரவுல் சுரிட்டா, சிலி நாட்டுக் கவிஞர். ஒரு நீளமான கிடங்கு முழுக்கக் கடல் தண்ணிய நிரப்பி விட்டாங்க. செருப்பக் கழட்டிட்டு, பேன்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு உள்ள இறங்கணும். பக்கவாட்டுச் சுவர்ல சின்னச் சின்ன கேள்வி, நீ கேக்கலையா, நீ பாக்கலையாங்கற மாதிரி. கடைசிச் சுவர்லதான் முழுக் கவிதை. 2015ல சிரியாவுலேர்ந்து தப்பிச்சுப் போகும்போது படகு கவுந்து செத்த ஆலன் குர்தியோட படம் உலகமே பாத்துச்சு, அவன் அண்ணன் காலிப்பும் அதே தண்ணியில செத்தான், அவனுக்கு அப்படி ஒரு படம் இல்ல. அந்தப் பையனுக்காக எழுதினது. இதுல டிஸ்ப்ளே எது கவிதை எதுன்னு பிரிக்க முடியுமாங்க? கவிதையப் படிக்கணும்னா தண்ணியில நடந்துதான் ஆகணும், தண்ணி கால இழுக்கும், வேகமா நடக்க முடியாது. அதே கவிதைய ஒரு சன்போர்டு அட்டையில அடிச்சு ஏசி ரூம்ல மாட்டியிருந்தா நான் ஒரு நிமிஷத்துல படிச்சிருப்பேன், மறந்தும் இருப்பேன். நடந்து போய் சேந்து நின்னப்ப என்னால கொஞ்ச நேரம் திரும்பவே முடியல.

அதனால நான் எப்பவும் செய்யறது இதுதாங்க. ஒரு படைப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, இத இங்கிருந்து எடுத்து வேற ஒரு இடத்துல மனசுக்குள்ள வச்சுப் பாப்பேன். வச்சதும் எது குறையுதோ, அதுதான் இந்த இடம் அதுக்குக் குடுத்தது. சில வேலைய வச்சு நிஜமாவே இப்படி ஒப்பிட்டுப் பாக்கலாம். சிற்பி அனிஷ் கபூரோட நீர்ச்சுழி, தரையில ஒரு குழிக்குள்ள தண்ணி இடைவிடாம சுத்திக்கிட்டு உள்ள போகும், 2014ல அத ஆஸ்பின்வால்ல கடலப் பாத்த ஒரு அறைக்குள்ள வச்சிருந்தாங்க, அந்தத் தண்ணிச் சத்தத்தோட ஜன்னலுக்கு வெளிய பாத்தா அமைதியா கடல். அடுத்த வருஷம் அதே யோசனை வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குப் போச்சு, 2017ல நியூயார்க்ல ஒரு ஆத்தங்கரைப் பூங்காவுல 26 அடி அகலத்துல வந்துச்சு. நான் அது ரெண்டையும் ஃபோட்டோவுலதான் பாத்தேன், ஆனா தோட்டத்துல, அவ்ளோ சீரா வெட்டி விட்ட புல்லுக்கு நடுவுல, அது பூமியில ஒரு காயம் மாதிரி தெரியுதுங்க. கொச்சியில எனக்குத் தோணினது வேற, வீட்டுத் தரை பொத்துக்கிட்டு கடல் உள்ள வந்திருச்சுன்னு.

ஒரு விஷயம் சொல்ல விட்டுட்டேன், உடம்பு. பினாலேன்னா ஒரு இடம் இல்ல, கோட்டைக்கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கப் பரவிக் கிடக்கும், வெயில்ல நடந்து நடந்து நாலாவது கிடங்குக்கு வரும்போது கால் ஓஞ்சு போயிரும். அங்க ஒரு 40 நிமிஷ வீடியோ ஓடுது, உக்கார பெஞ்ச் இல்லன்னா யாருமே முழுசாப் பாக்க மாட்டாங்க. பெஞ்ச் போட்டிருக்காங்களா, ஃபேன் இருக்கா, பக்கத்து ரூம் வீடியோ சத்தம் இதுல கலக்குதா, ஹெட்ஃபோன் ஒண்ணா நாலா, படம் எத்தனை நிமிஷம்னு வாசல்ல எழுதியிருக்காங்களா, இதெல்லாம் எழுதுங்க. பாக்க வர்றவனோட நேரத்தையும் காலையும் யோசிச்சு வச்சதா இல்லையான்னு அதுல தெரிஞ்சு போயிரும்.

---

வரைகோடு_21:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, நான் இத நோட்ல எழுதி வச்சுக்கிட்டேன். அண்ணா, உயரம் ஞாபகம் இல்ல, ஆனா நீங்க கேட்டப்புறம் ஒண்ணு ஞாபகம் வருது, நான் அந்த டிராயிங்கப் பாக்கும்போது லேசா குனிஞ்சேன். நான் 5 அடிதான். நானே குனிஞ்சேன்னா அது கீழ இருந்திருக்கணும் இல்லையா?

---

வெள்ளவத்தை வாசகி:

தங்கச்சி, படத்துக்குப் பக்கத்தில ஒட்டுற விளக்கக் குறிப்பு, அந்த லேபிளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால நான் எழுதுறன்.

நான் கொழும்பில இருக்கிறன். இங்க 2019 டிசம்பரில நவீன, சமகாலக் கலைக்கெண்டு ஒரு அருங்காட்சியகம் துவங்கினவை. முதல் கண்காட்சி பாக்கப் போன அண்டைக்கு என்னை நிப்பாட்டினது படங்கள் இல்லை, சுவரில இருந்த எழுத்து. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூண்டிலயும் எழுதியிருந்தது. நான் சின்ன வயசில இருந்து எத்தினையோ இடத்தில தமிழை ஒரு மூலையில, சின்ன எழுத்தில, எழுத்துப் பிழையோட பாத்துப் பழகின ஆள். ஒரு கலைக்கூடத்தில போய் நிண்டு என்ர மொழியில ஒரு படத்தைப் பற்றி வாசிக்கேக்க அந்தப் படத்துக்குக் கிட்டப் போகலாம் எண்டு ஒரு துணிவு வந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லேல்ல.

அதுக்குப் பிறகு எங்க போனாலும் லேபிளைத்தான் முதல் பாப்பன். எந்த மொழி மேல இருக்கு, எல்லா மொழிக்கும் ஒரே அளவு எழுத்தா, தமிழ் எப்பவும் ஆங்கிலத்தை விட நீளமாப் போகும், அந்த நீளத்துக்கு இடம் விட்டிருக்கினமா இல்லாட்டி எழுத்தைச் சுருக்கி அடைச்சிருக்கினமா. லேபிள் படத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். கண்ணாடி போட்ட வயசாளிக்கு வாசிக்கக் கூடிய உயரமோ, சக்கர நாற்காலியில வாறவருக்குத் தெரியுமோ. விளக்கம் நீளமா இருந்தால் சனம் படத்தை விட லேபிளை நெடுக நேரம் பாப்பினம், ஒரு நாளைக்கு ஒரு மூலையில நிண்டு பாருங்கோ. லேபிளே இல்லாட்டி என்ன நடக்குது எண்டும் பாருங்கோ.

எழுத்தே படைப்பா இருக்கிற இடமும் இருக்கு. 2016 கொச்சியில எங்கட யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் செய்த ஒண்டு பாத்தன். நூலகத்தில முந்தி இருக்குமே, அட்டைகள் அடுக்கின இழுப்பறை அலுமாரி, அதுதான். போர்க்காலத்தில சாதாரண சனம் எப்பிடிச் சமாளிச்சு வாழ்ந்தது எண்ட கதைகள் அந்த அட்டையளில. நிண்டு பாத்திட்டுப் போற வேலை இல்லை அது. இழுப்பறையை நீங்கள் இழுக்கோணும், அட்டையை ஒவ்வொண்டாத் தள்ளி வாசிக்கோணும், உங்களுக்குப் பின்னால நிக்கிற ஆள் காத்திருக்கோணும். 1981ல நூலகம் எரிஞ்ச ஊர் எங்கட ஊர். அந்த ஊர்க்காரர் ஒராள் நூலகத்துத் தளபாடத்தை எடுத்து அதுக்குள்ள சனத்தின்ர கதையை வைக்கிறார் எண்டால் அந்த அலுமாரி வெறும் பெட்டி இல்லைத்தானே. பக்கத்தில நிண்ட மலையாளப் பெடியன் ஒருத்தனுக்கு நான் இதைச் சொன்னன், அவன் திரும்பவும் போய் முதல் இழுப்பறையில இருந்து வாசிக்கத் துவங்கினவன்.

உங்கட அந்தப் பென்சில் படத்துக்கு லேபிள் எங்க இருந்தது?

---

தேம்ஸ்கரை:

எனக்கு இந்தத் திரியில ஒரு சின்ன மாற்றுக் கருத்து இருக்கு. எல்லாரும் டேப் எடுத்து அளக்கச் சொல்றீங்க, அதெல்லாம் சரி, ஆனா ஒரு படைப்ப எவ்வளவு தூரத்துல பாக்க விடறாங்க, தொட விடறாங்களா, மிதிக்க விடறாங்களாங்கற விதிமுறையும் டிஸ்ப்ளேதான், அத அளவெடுத்துக் கண்டுபிடிக்க முடியாது.

2010 அக்டோபர்ல இங்க லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்துல சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யோட சூரியகாந்தி விதை வந்துச்சு. அந்தக் கட்டிடம் முன்னாடி மின் நிலையம், டர்பைன் இருந்த அந்தப் பிரமாண்டமான ஹால்ல தரை பூரா பீங்கான்ல செஞ்ச சூரியகாந்தி விதை, 10 கோடி, ஒவ்வொண்ணும் சீனாவுல ஜிங்டெஜென்ங்கற ஊர்ல கையால வண்ணம் தீட்டினது. ஜனங்க அது மேல நடக்கலாம், உக்காரலாம், படுக்கலாம், அப்படித்தான் திறந்தாங்க. ரெண்டு மூணு நாள்லயே பீங்கான் தூசி கிளம்புது, மூச்சுக்கு ஆகாதுன்னு கயிறு கட்டிட்டாங்க. என் ரூம்மேட் முதல் நாளே போயிட்டு வந்து விதை காலுக்கடியில நொறுநொறுன்னு சத்தம் போடுது, அள்ளி அள்ளிப் பாத்தேன்னான். நான் அடுத்த வாரம் போனேன், ஓரமா நின்னு பாத்தேன், எனக்குத் தெரிஞ்சது ஒரு சாம்பல் நிறப் பரப்பு, கடற்கரை மாதிரி. அவன் ஒவ்வொரு விதையும் வேற வேறன்னு பேசறான், நான் அது எவ்வளவு பெருசுன்னு பேசறேன். ஒரே பொருள், ஒரே ஹால், ஒரே வெளிச்சம், மாறினது ஒரு கயிறு மட்டும்தான், ஆனா ரெண்டு பேரும் வேற வேற படைப்பப் பாத்திருக்கோம்னு இன்னைக்கும் நெனைக்கிறேன்.

அதனால தரையில கோடு போட்டிருக்காங்களா, காவலாளி எங்க நிக்கறார், எதுக்குக் கிட்ட போனா எழுந்து வர்றார், ஃபோட்டோ எடுக்கலாமா கூடாதா, இதையும் சேத்துக்கோங்க. சோழமண்டலத்துல சிற்பம் பக்கத்துல உக்காந்து சாப்பிட முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அத விட்டுடாதீங்க, அந்தக் கிராமமே 1966ல ஓவியர்கள் சேந்து, வேலை செஞ்சுக்கிட்டு அங்கயே வாழறதுக்குன்னு உண்டாக்கினது, அங்க சிற்பம் வீட்டு முற்றத்துல நிக்குது. அந்த அளவுக்குப் பக்கத்துல உக்கார விட்டாங்கங்கறதே எழுத வேண்டிய விஷயம்.

---

வரைகோடு_21:

அஞ்சு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சிடுங்க. மடிப்பாக்கத்துல அத்தை வீடு இருக்கு, சனிக்கிழமை அங்க தங்கிட்டு அந்த கேலரிக்கு மறுபடியும் தனியாப் போனேன். இந்தத் தடவ படத்தப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலையில முக்கால் மணி நேரம் நின்னு ஆளுங்கள மட்டும் பாத்தேன். அப்புறம் அங்க டெஸ்க்ல இருந்த அக்காகிட்ட கேட்டுட்டு அளந்தேன்.

மத்த 10 படைப்போட மையமும் 58 இஞ்ச். அந்தப் பென்சில் டிராயிங் மட்டும் 52. அதனால வர்றவங்க எல்லாருமே குனியறாங்க, உயரமானவங்க இன்னும் அதிகமாக் குனியறாங்க. மத்த படம் எல்லாத்துக்கும் ரெண்டு லைட்டு, இதுக்கு ஒண்ணுதான், அதுவும் மங்கலா, கிட்ட வந்தாத்தான் கோடு தெரியுது. லேபிள் படத்துக்குப் பக்கத்துல இல்ல, சுவரோட அந்தக் கடைசியில, ஒரு எட்டடி தள்ளி இருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல மட்டும். அதனால பாதிப் பேர் பாத்துட்டு, லேபிள் தேடிப் போயிட்டு, படிச்சுட்டு மறுபடி திரும்பி வந்து பாக்கறாங்க. நான் எண்ணினேன், 19 பேர்ல 8 பேர் திரும்பி வந்தாங்க. அவங்க ரொம்ப நேரம் நின்ன மாதிரி எனக்குத் தெரிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கொச்சி அண்ணா சொன்ன மாதிரி மனசுக்குள்ள அத எடுத்து மத்த படங்க நடுவுல 58ல மாட்டிப் பாத்தேன். ஒரு நல்ல டிராயிங், அவ்வளவுதான். ஒரு வயசான அம்மா தூங்கற படம் அது. இப்ப இருக்கற இடத்துல அது கட்டில்ல படுத்திருக்கற மாதிரி கொஞ்சம் கீழ இறங்கி, அரை வெளிச்சத்துல இருக்கு, நாம குனிஞ்சு அவங்க தூங்கறாங்களான்னு பாக்கறோம். நான் எங்க ஆயாவ அப்படித்தான் பாப்பேன். இது தெரிஞ்சதும் எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. முதல் தடவ நான் “முக்கியமான படைப்பு”ன்னு எழுதினதுல பாதி தப்பு இல்ல போல, ஆனா ஏன்னு எனக்குத் தெரியாம எழுதிட்டேன்.

டெஸ்க் அக்காகிட்ட இது யாரு முடிவு பண்ணாங்கன்னு கேட்டேன். உயரம் ஆர்ட்டிஸ்ட்டே சொன்னதாம். லேபிள் தள்ளி இருக்கறது மட்டும் யோசிச்சு செஞ்சதில்லையாம், பக்கத்துல ஒட்டினா அந்தச் சுவர்ல பெயின்ட் உரியுதுன்னு தள்ளி ஒட்டிட்டாங்களாம். ரெண்டையுமே எழுதப் போறேன்.

---

ரசமட்டம்:

52ஆ! எங்க ஆளுங்க யாரோ நல்லா காது குடுத்துக் கேட்டு மாட்டியிருக்காங்க. ஆறு இஞ்ச் இறக்கச் சொன்னா நாங்க முதல்ல “தப்பா இருக்கும் சார்”னுதான் சொல்லுவோம்.

தங்கச்சி, ஒண்ணு மட்டும். என்ன டேப்ல அளந்த? ஸ்டீல் டேப்ப ஃப்ரேமுக்குப் பக்கத்துல இழுக்காத, பட்டுனு சுருண்டா கண்ணாடியில கீறல் விழும், கேன்வாஸ்னா கிழிஞ்சே போயிடும். தையல் டேப் வச்சுக்கோ, துணியில வருமே அது. அதையும் படத்துல படாம சுவர்ல வச்சு அள. இன்னும் ஒரு வாரம் டைம் இருக்குல்ல, முடிஞ்சா அந்த ரூம் தரை அமைப்ப மேல இருந்து பாத்த மாதிரி ஒரு பிளான் வரைஞ்சு, ஆளுங்க நடந்த பாதைய அதுல கோடா போட்டு அசைன்மென்ட்டோட சேத்து வை. திரும்பி வந்த அந்த எட்டுப் பேரோட கோட்ட வேற கலர்ல போடு.